காயல் கரைக்கு ஹலால் சுற்றுலா வந்தால் யாருக்கு விருந்து? யாருக்கு வேலை?

உலகச் சந்தையிலே புதிய பெயர் ஒன்று அடிபடுகிறது: ஹலால் சுற்றுலா! முன்னாளில் இந்தத் துறையை 'உல்லாசப் பிரயாணம்' என்று அழைத்தார்கள். உல்லாசம் என்றால் என்ன என்று நாம் விளக்கவேண்டியதில்லை. மதுப்புட்டி வேண்டும், ஆட்டம் வேண்டும், கடற்கரையிலே கண்டபடி திரியும் உரிமை வேண்டும். இவை இல்லாத ஊருக்கு வெளிநாட்டான் வரமாட்டான் என்று பெரிய பெரிய ஓட்டல் முதலாளிகள் சத்தியம் செய்தார்கள். சர்க்காரும் தலையாட்டிற்று. இப்போது அதே முதலாளிகள் மது இல்லாத விடுதி, தொழுகைக்கு இடம், பெண்களுக்குத் தனி நீச்சல் குளம் என்று விளம்பரம் செய்கிறார்கள். மனம் மாறிவிட்டதா? இல்லை ஐயா, கணக்கு மாறிவிட்டது! 2019-ஆம் ஆண்டில் மட்டும் வெளிநாடு சென்ற முஸ்லிம் பிரயாணிகள் ஏறத்தாழ 16 கோடி என்று அத்தொழிலைக் கணக்கெடுப்போர் கூறினார்கள். 16 கோடிப் பேரின் பணப்பை, முதலாளியின் சத்தியத்தைக் காட்டிலும் கனமானது.

இந்தப் பெயரைக் கேட்டதும் நம் நாட்டிலே இருவிதக் கூச்சல் எழுகிறது. "ஹலாலா? மதத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறார்கள்!" என்று சிலர் வாளை உருவுகிறார்கள். "ஹலாலா? நல்ல வியாபாரம், பலகை எழுது!" என்று வேறு சிலர் கல்லாப்பெட்டியைத் திறக்கிறார்கள். இரண்டு கூச்சலையும் ஒதுக்கிவைத்துவிட்டு, தாமிரபரணி கடலிலே கலக்கும் இடத்திலே நின்று இந்த விஷயத்தைப் பார்க்க நாம் விரும்புகிறோம். அங்கே நின்றால் பலவும் தெளிவாகத் தெரியும்.

ஆற்றின் வாயிலே இருப்பது புன்னக்காயல். பரதவர் ஊர், மாதா கோயிலும் வள்ளங்களும் வலைகளுமாக வாழும் ஊர். தெற்கே நான்கைந்து மைலில் காயல்பட்டினம். பள்ளிவாசல்களும் தைக்காக்களும் கடல் வணிகமுமாக வாழ்ந்த ஊர். வடக்கே பழையகாயல், உப்பளங்கள் சூழ்ந்து கிடக்கிறது. இன்னும் தெற்கே போனால் திருச்செந்தூர். ஆண்டு முழுதும் முருகனைத் தேடி இலட்சக்கணக்கில் மக்கள் வருகிற தலம். இந்தச் சிறு கரையிலே மூன்று மதத்தாரும் அவரவர் வழியில் விருந்தினரை வரவேற்று வருகிறார்கள். சுற்றுலா என்பது இவர்களுக்கு நேற்று வந்த நாகரிகமல்ல.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இந்தப் பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைப் பெரிய பட்டினம் என்று எழுதினான். ஏடன், ஹோர்முஸ், கிஷ் முதலிய துறைகளிலிருந்து கப்பல்கள் இங்கே வந்து நின்றன. கப்பலிலே முக்கியச் சரக்கு குதிரை. பாண்டிய நாட்டுக்கும் அண்டைத் துறைகளுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை வந்தது, ஒன்றின் விலை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்தார். எண்ணிலே மிகை இருக்கலாம். ஆனால் குதிரை வந்ததிலே சந்தேகமில்லை. குதிரையோடு வந்த அரபு வணிகனுக்குத் தங்க இடம் வேண்டாமா? தொழ இடம் வேண்டாமா? அவன் உண்ணத்தக்க உணவு வேண்டாமா? பாண்டியர் காலத்துத் திருப்புல்லாணிக் கல்வெட்டொன்று, சோனகர் பள்ளிக்கு நிலம் விட்ட செய்தியைக் கூறுகிறது. வந்தவனின் வழக்கத்தை மதித்தால்தான் வாணிபம் நிலைக்கும் என்பதைச் சைவ மன்னன் அறிந்திருந்தான். இன்றைக்கு ஆங்கிலம் படித்த ஆலோசகர்கள் பெருங்கூலி வாங்கிக்கொண்டு சொல்லுகிற தத்துவமும் இதுதான்!

அதற்காக, பழங்காலம் முழுவதும் தேனும் பாலுமாக ஓடியது என்று கதைகட்ட நாம் ஆயத்தமாயில்லை. 1530-களிலே முத்துக்குளிப்பு உரிமைக்காக இதே கரையில் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் இரத்தம் சிந்தும் சண்டை நடந்தது. பரதவர்கள் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புத் தேடினார்கள். 1535 தொடங்கி கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். புன்னக்காயலிலே பறங்கியர் கோட்டை எழுந்தது. 1553-ல் கடல்வழி வந்த முஸ்லிம் படையொன்று அதைத் தாக்கிப் பிடித்தது. அந்த ஊரிலே நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார்தான், 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலைத் தந்தவர். சண்டையின் காரணம் என்ன? தொழுகையா, ஜெபமா? அல்ல. முத்து! மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவன் ஒருவன், முத்தை விற்றுப் பணமாக்கியவன் வேறொருவன், வரி வாங்கியவன் மூன்றாமவன். மதத்தின் பெயரால் எழுதப்பட்ட பகையின் அடியிலே, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி கிடந்தது. சுற்றுலாவும் ஒருவகை முத்துக்குளிப்புத்தான். பங்கைப் பேசாமல் படகை இறக்கினால், ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய வழக்கு மறுபடி எழும்.

ஹலால் என்றால் 'ஆகுமானது' என்று பொருள். ஆகாதது ஹராம். முஸ்லிம் பிரயாணி கேட்பது பெரிய இரகசியமல்ல: முறைப்படி அறுத்த இறைச்சி, மதுவும் பன்றியும் கலவாத சமையல், ஐந்து வேளை தொழ ஒரு மூலை, கிப்லா எந்தத் திசை என்ற குறி, கழுவிக்கொள்ளத் தண்ணீர், பெண்டு பிள்ளைகள் கூச்சமின்றி இருக்க மறைவு. பிரயாணிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. தொழுகையைச் சுருக்கிக்கொள்ளலாம், நோன்பைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது இறை நம்பிக்கையின் ஒரு பகுதி என்றும், விருந்து மூன்று நாள் என்றும் நபிகள் நாயகம் போதித்ததாக முஸ்லிம் பெருமக்கள் எடுத்துச் சொல்வார்கள். அதாவது, வருபவனுக்கு மட்டுமல்ல, வரவேற்பவனுக்கும் அங்கே கடமை விதிக்கப்பட்டிருக்கிறது. விளம்பரப் பலகைக்காரர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

இனி ஊர் வழக்கத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஹலால் என்பது உலகெங்கும் ஒரே அச்சில் வார்த்த காசு என்று எண்ணுகிறவர்கள், ஒருமுறை மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கு வரட்டும். ஆட்டையும் கோழியையும் இறைவன் பெயர் சொல்லி அறுக்கவேண்டும். மீனுக்கு அந்த விதி இல்லை. பிடித்தவன் யாராயினும் மீன் ஹலால்! புன்னக்காயல் கத்தோலிக்கப் பரதவன் வலைவீசிப் பிடித்த மீன், காயல்பட்டினத்து முஸ்லிம் வீட்டுச் சட்டியிலே யாதொரு சான்றிதழும் இன்றி ஏறுகிறது. அடுத்த கூடையைப் பாருங்கள்: இறாலும் கணவாயும். நம் கடற்கரை மரைக்காயர்கள் ஷாபி வழியினர். அவர்கள் தாராளமாக உண்பார்கள். உள்நாட்டு ராவுத்தர்மார் பெரும்பாலும் ஹனபி வழியினர். கடலிலே மீன் மட்டும்தான் ஆகும் என்பது அவ்வழியின் தீர்ப்பு. கணவாய் ஆகாது, இறால் மீனா, பூச்சியா என்பதிலே அவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. நண்டைப் பற்றியோ ஷாபி அறிஞர்களிடையிலும் இரண்டு பேச்சு. மலாய் நாடும் இந்தோனேசியாவும் ஷாபி வழி. துருக்கியும் வடஇந்தியாவும் ஹனபி வழி. டில்லியிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்தால், ஒருவர் இலையிலே இருப்பதை மற்றவர் தொடமாட்டார். 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும் போலும். எந்தச் சான்றிதழ்க் கம்பெனி இதைத் தீர்க்கப்போகிறது? காயலில் பத்து ஆண்டு அடுப்படியில் நின்ற பண்டாரிக்கு, கேட்காமலே இது தெரியும்.

மரத்தைப் பாருங்கள். திருச்செந்தூர் வட்டாரம் பனைமரக் காடு. உடன்குடிக் கருப்பட்டி நாடறிந்த சரக்கு. அதே மரம், அதே பாளை, அதே ஏறும் தொழிலாளி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். பதநீர் எல்லா மதத்தாருக்கும் ஆகும். கள்ளோ முஸ்லிமுக்கு மார்க்கத்தால் விலக்கு; தமிழ்நாட்டிலே 1987 முதல் எல்லோருக்குமே சட்டத்தால் விலக்கு. ஒரு கை சுண்ணாம்பிலே ஹலாலும் ஹராமும் பிரிகிற இந்த அதிசயத்தை வெளிநாட்டுப் பிரயாணிக்குக் காட்டலாம் அல்லவா? விடுதியிலே வரவேற்பு என்று சொல்லி ஏதோ சாயம் கலந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொடுக்கிறார்கள். பனையேறும் தோழனுக்கு நாலு காசு கிடைக்கும் பதநீரைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆற்றின் மேலே போனால் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்து, கிழித்து, ஆற்று நீரில் ஊறவைத்து, லெப்பைமார் குடும்பங்கள் நெய்யும் பாய், பட்டுச்சேலை போல மடியும். தொழுகைக்கு அதைவிட ஏற்ற விரிப்பு எது? ஆனால் ஹலால் விடுதி என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் விரிப்பது, எந்திரத்தில் அடித்து இறக்குமதியான சமுக்காளம். கோரையின் விலை ஏறிவிட்டது, நெய்யும் கைகள் குறைந்துவருகின்றன. பெயரளவிலே இஸ்லாமிய விழுமியம், கொள்முதலிலே வெளிநாட்டு ஆலை. இந்த முரண்பாட்டை யாராவது கேட்கவேண்டாமா? நாம் கேட்கிறோம்.

காயல்பட்டினத்தின் வழக்கங்கள் தனிச் சுவை உடையவை. அங்கே பெண்ணுக்கு வீடு கொடுப்பது மரபு. மணமான பின் மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்குப் போகிறார். தாய் வீட்டைச் சுற்றியே பெண்மக்கள் வாழ்கிறார்கள். வீடுகளுக்கு இடையே பெண்கள் நடமாடுவதற்கென்றே முடுக்குகள் உண்டு. பெண்களுக்குத் தனித் தைக்காக்கள் உண்டு. அங்கே கூடித் தொழுகிறார்கள், ஓதுகிறார்கள். விருந்து என்றால் சஹன்; பெரிய தட்டிலே நெய்ச்சோற்றைக் கொட்டி, களறிக்கறியும் கத்தரிக்காய் மாங்காயும் வைத்து, நாலைந்து பேர் சுற்றி அமர்ந்து ஒரே தட்டிலே உண்பார்கள். முதலாளியும் தொழிலாளியும் ஒரு தட்டில் கைவைக்கிற அந்தக் காட்சிக்காக மட்டுமே ஒருவன் பிரயாணம் செய்து வரலாம். தட்டை விட்டு எழுந்ததும் அவரவர் மாளிகைக்கும் குடிசைக்கும் போய்விடுகிறார்கள் என்பது வேறு கதை.

இந்த ஊருக்குக் கூட்டங்கூட்டமாகப் பிரயாணிகளைக் கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும்? கேமராவைத் தூக்கிக்கொண்டு முடுக்குக்குள்ளே நுழைவான். பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட பாதை வேடிக்கைப் பொருளாகிவிடும். "ஹலால் சுற்றுலா" என்று பெயர் சூட்டிவிட்டு, ஹலாலான ஊர் வழக்கத்தையே உடைக்கும் விபரீதம்! மறைவு என்பது வருகிற சீமாட்டியின் நீச்சல் குளத்துக்கு மட்டுந்தானா? வசிக்கிற ஏழைப் பெண்ணின் முடுக்குக்கு இல்லையா? இன்னொரு பக்கமும் பார்க்கவேண்டும். வீடு பெண்ணுடையது என்பது மரபாயிருக்க, வீட்டிலே அறை ஒதுக்கி விருந்தினரை வைக்கிற திட்டம் வந்தால், பதிவும் வருவாயும் அந்தப் பெண்ணின் பெயரிலே இருப்பதுதானே முறை? விண்ணப்பத்தாளிலே கணவன் பெயரைக் கேட்கும் நம் அதிகாரிகள், பல நூற்றாண்டு வழக்கத்தைப் பேனா முனையிலே மாற்றிவிடக்கூடியவர்கள். இதிலே நமக்கு அச்சம் உண்டு.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. காயலிலே சினிமாக் கொட்டகை இல்லை என்பதை ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அது அவர்கள் விருப்பம், நமக்குச் சினிமாவோடு பகையில்லை. ஆனால் மதுக்கடை வேண்டாம் என்று அவர்கள் சொல்லும்போது, அது மார்க்கத்தின் குரல் மட்டுமல்ல. சேலத்தில் 1937-ல் தொடங்கிய மதுவிலக்கு 1971-ல் தளர்ந்தது. 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. 2017-ல் நெடுஞ்சாலைக் கடைகளை ஊருக்குள் மாற்றப் பார்த்தபோது, தமிழகமெங்கும் தெருவிலே இறங்கிப் போராடிய பெண்களிலே எல்லா மதத்தாரும் இருந்தார்கள். கூலிப்பணம் வீடு வந்து சேரவேண்டும் என்ற கோரிக்கைக்கு மதம் கிடையாது. மது இல்லாமலும் பிரயாணிகள் வருவார்கள், கோடிக்கணக்கில் வருவார்கள் என்று உலகச் சந்தையே காட்டிவிட்டது. நட்சத்திர ஓட்டலென்றால் மதுக்கூடம் வேண்டும் என்று வாதாடியவர்கள் இப்போது எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்கள்?

சரி, காயலுக்கு ஹலால் பொருந்தும். நான்கு மைல் தள்ளியிருக்கும் புன்னக்காயலுக்கு? அங்கே ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலுக்குப் போகாது. அன்று பூசைக்குரிய நாள். பூசையிலே திராட்சை இரசம் உண்டு. கிறிஸ்துமஸ் விருந்திலே வைக்கும் கறி, காயல் விருந்தின் கறியாக இருக்காது. "கடற்கரை முழுவதும் ஹலால் பிரதேசம்" என்று எவனாவது ஒருவன் வரைபடத்திலே கோடு கிழித்தால், அது பரதவ மக்களை அவர்கள் கரையிலேயே அந்நியராக்கும். வீண் கற்பனை செய்து மிரட்டுகிறோம் என்று எண்ணவேண்டாம். 2019-ல் இந்தோனேசியாவின் வடசுமத்திராவிலே, தோபா ஏரிக்கரையை ஹலால் சுற்றுலாத் தலமாக்கும் பேச்சை மாகாண ஆளுநர் எழுப்பினார். ஏரிக்கரையில் வாழ்வோர் பெரும்பாலும் கிறிஸ்தவர்களான பாதாக் மக்கள். பன்றி அவர்கள் சடங்குக்கும் விருந்துக்கும் உரியது. எதிர்ப்புக் கிளம்பிற்று, ஊர்வலம் நடந்தது. அதே ஆண்டு பன்றித் திருவிழாவே நடத்திக் காட்டிவிட்டார்கள்! சட்டியும் பானையும் வேறாக இருந்தவரை அண்டை வீட்டாராக வாழ்ந்தவர்களை, ஒரு பலகை எதிரெதிரே நிறுத்தியது.

அதே நாட்டிலே லொம்போக் தீவு. ஆயிரம் பள்ளிவாசல் தீவு என்று பெயர். அங்கே சாசாக் இன முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். 2015-ல் உலகத்தின் சிறந்த ஹலால் தலம் என்ற பரிசைப் பெற்றது. 2016-ல் மாகாணச் சட்டமே இயற்றினார்கள். இங்கே மதச் சண்டை இல்லை. அப்படியானால் எல்லாம் சுபம்தானே? 2021 மார்ச்சிலே ஐக்கிய நாட்டு மனித உரிமை நிபுணர்கள் ஓர் அறிக்கை விட்டார்கள். அத்தீவின் மண்டாலிகா என்னும் பெருஞ்சுற்றுலாத் திட்டத்துக்காக, மோட்டார் சைக்கிள் பந்தயப் பாதைக்காக, சாசாக் விவசாயிகளும் மீனவர்களும் தங்கள் நிலத்தையும் வீட்டையும் இழக்கிறார்கள் என்று கண்டித்தார்கள். விடுதியின் கறி ஹலால். விடுதி எழுந்த நிலம்? உழுதவனை விரட்டிப் பெற்ற நிலத்தை எந்த மார்க்கம் ஆகுமானது என்று சொல்லும்? இஸ்லாத்தின் விழுமியம் என்று பேசினால், கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்ற போதனையும் அதிலே அடங்கவேண்டும். அதற்குச் சான்றிதழ் கொடுக்கும் கம்பெனியை நாம் இன்னும் காணவில்லை.

மலேசியா சற்றுச் சூதானமாக நடந்துகொண்டது. 2009-ல் இதற்கென்று தனி மையம் வைத்தார்கள். 2015-ல் விடுதிகளுக்கு நியதி வகுத்தபோது 'முஸ்லிம்களுக்கு இசைவான விருந்தோம்பல்' என்றே பெயரிட்டார்கள். இசைவு என்ற சொல்லைக் கவனியுங்கள். சீனன் கடை சீனன் கடையாகவும், தமிழன் கடை தமிழன் கடையாகவும் இருக்க, முஸ்லிம் விருந்தினனுக்கு வேண்டியதை அவன் தங்குமிடத்திலே செய்துவைப்பது. நம் கரைக்கு இந்தச் சொல்தான் தகும் என்பது நமது எண்ணம். துருக்கியிலே 1996-ல் தீதிமிலே தொடங்கிய ஆடம்பர விடுதி வழி நமக்கு வேண்டாம். செல்வச் சீமான்களுக்குக் கடலையும் மணலையும் தனியாக வேலிபோட்டுக் கொடுக்கிற வழி அது. காயல் கடற்கரையிலே மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து மணலில் அமர்கிறார்களே, அதற்குச் சீட்டும் இல்லை, வேலியும் இல்லை.

வாளை உருவுகிறவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். 2023 நவம்பரிலே உத்தரப்பிரதேச சர்க்கார் ஹலால் சான்றிதழ் பெற்ற பொருள்களை உற்பத்தி செய்யவும் விற்கவும் தடை போட்டது. ஏற்றுமதிச் சரக்குக்கு மட்டும் விலக்கு! உள்ளூர் ஏழை வாங்கினால் குற்றம், வெளிநாட்டுச் சீமான் வாங்கினால் வியாபாரம். இலங்கையிலே 2013-ல் பொதுபல சேனா ஹலால் முத்திரைக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்திற்று. உலமா சபை சான்றளிப்பதையே நிறுத்திக்கொண்டது. பிரச்சினை தீர்ந்ததா? 2014 ஜூனிலே அளுத்கமவிலும் பேருவளையிலும் கடைகள் எரிந்தன, உயிர்கள் போயின. பிஸ்கோத்து உறையிலிருந்த ஓர் எழுத்தை அழித்தால் பகை அழிந்துவிடும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். தமிழ்நாட்டிலோ ஹலால் என்ற சொல்லைக்கூட அறியாத எத்தனையோ பேர், நல்லநாள் வந்தால் பாய் கடைப் பிரியாணியைத் தேடிப் போகிறார்கள். இந்தப் பழக்கத்தை விஷமாக்க விடலாகாது.

முஸ்லிம் பெருமக்களுக்குள்ளேயும் ஒரு வாதம் நடக்கிறது. அதை நாம் காணாததுபோல் இருக்கமுடியாது. நாகூருக்கும் பொட்டல்புதூருக்கும் ஆற்றங்கரைப் பள்ளிவாசலுக்கும் போகிற கூட்டத்திலே பாதி முஸ்லிமல்லாதார். நாகூரின் உயர்ந்த மினாராவைக் கட்டித்தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பொட்டல்புதூர் தர்காவோ கோயில் மண்டபம் போலத் தூண்களோடு நிற்கிறது. தர்கா வழிபாடு மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று தவ்ஹீது பேசுவோர் கண்டிக்கிறார்கள். தலைமுறை வழக்கம் என்று மற்றவர்கள் பதில் கூறுகிறார்கள். தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஒன்றை மட்டும் சொல்வோம். 'ஹலால் தலங்கள்' என்று வெளிநாட்டு அளவுகோல் கொண்டு பட்டியல் போடும்போது, இந்தப் பழைய தலங்கள் பட்டியலிலிருந்து விழுந்துபோகக்கூடும். அங்கே பூ விற்கிறவள், சர்க்கரை விற்கிறவன், தங்க இடம் கொடுக்கிறவன் எல்லோரும் கூடவே விழுவார்கள்.

தர்காவைச் சொல்லும்போது ஏர்வாடியை மறக்கமுடியுமா? 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலை, மனநோயாளிகளை அடைத்துவைத்திருந்த கொட்டகையிலே தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டார்கள். நம்பிக்கையோடு குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள். சங்கிலி போடச் சொன்னது இஸ்லாமா? இல்லை. தமிழன் வழக்கமா? அதுவும் இல்லை. வருகிறவனைக் காசாகப் பார்த்த தனியார் இலாப வேட்டையும், கண்ணை மூடிக்கொண்ட அதிகார வர்க்கமும் போட்ட சங்கிலி அது. 2017 பிப்ரவரியிலே, நம் திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டுக் கடலிலே, உல்லாசமாகப் போக ஏற்றிய மீன்பிடி படகு கவிழ்ந்து பலர் மாண்டார்கள். மிதவைச் சட்டைகூட இல்லாத பயணம். புன்னக்காயல் ஆற்று முகத்திலே அலையாத்திக் காடும் தீவும் பறவைகளும் இருக்கின்றன. படகு விட்டால் கூட்டம் வரும். வரட்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையிலே விசைப்படகுக் கூலியாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு அது பிழைப்பாகலாம். ஆனால் படகு ஓட்டும் உரிமம் அந்த ஊர் மீனவர் கூட்டுறவுக்கா, பட்டணத்துக் குத்தகைதாரனுக்கா? இந்தக் கேள்விக்கு எழுத்திலே பதில் வரும்வரை ஒரு பலகையும் நடவிடக்கூடாது என்று அங்குள்ள தோழர்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

கரையும் பத்திரமாயில்லை. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமான கிராமக் கரைகளில் கட்டடம் கட்டலாகாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. வலை உலர்த்தும் மணல், கருவாடு காயும் மணல், வள்ளம் ஏற்றும் மணல் எல்லாம் அந்த 150 மீட்டருக்குள்ளேதான் இருக்கிறது. பட்டா கிடையாது, பாட்டன் காலத்து அனுபோகம்தான் பத்திரம். ஹலால் விடுதியாயினும், ஆயுர்வேத விடுதியாயினும், வேறெந்தப் பெயர் கொண்ட விடுதியாயினும் முதலில் கண்வைப்பது இந்த மணலில்தான். காயல் நகராட்சிக்குள்ளேயே கொம்புத்துறையும் சிங்கித்துறையும் மீனவர் குடியிருப்புகள். ஜமாஅத்துப் பெரியவர்களும் பங்குப் பெரியவர்களும் இதிலே ஒரே பக்கம் நிற்கவேண்டியவர்கள். காக்காவும் அண்ணாச்சியும் சேர்ந்து மனுக்கொடுத்தால் கலெக்டர் ஆபீசிலே அதற்கு வேறு மதிப்பு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலே வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரையை மீறிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலே நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பிரயாணிகள் தண்ணீர் நடுவே அகப்பட்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்த நேரத்திலே, இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். யார் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டுக்கொண்டா உலை வைத்தார்கள்? இந்தப் பள்ளத்தாக்கிலே விருந்தோம்பல் கற்றுக்கொடுக்க வெளியூர் நிபுணர் தேவையில்லை.

தேவைப்படுவது வேறு. புன்னக்காயல் சாலை அடுத்த வெள்ளத்திலும் நிற்கவேண்டும். ஆற்று முகத்து மணல் திட்டை அகற்றி வள்ளம் போகவர வழி செய்யவேண்டும். காயல் ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் தண்ணீர் வருகிற கழிப்பிடம், பெண்களுக்கு மறைவான அறை, யாரும் தொழவோ ஜெபிக்கவோ உட்காரவோ ஒரு சுத்தமான திண்ணை வேண்டும். அங்கே விரிக்கப் பத்தமடைப் பாய் வாங்கட்டும். கொள்முதல் உத்தரவை நெய்பவர் சங்கத்துக்கே நேராகக் கொடுக்கட்டும். விடுதியிலே வேலை செய்வோருக்குச் சட்டக் கூலியும் வார விடுப்பும் எழுத்திலே இருக்கட்டும். விடுப்பு வெள்ளியா ஞாயிறா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.